மெர்வின் பேஜில் ஒரு பஸ்

மெர்வினின் பேஜை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அவனுக்கு முதலில் சொன்னவர் கதிரேசன். டவுன்ஹால் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். காலையில் மெர்வின் இட்லியோடு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது.

"ஏனுங்க மெர்வினு, நம்ம பேஜ எவனோ புடிச்சுட்டானாட்ட இருக்குது. பஸ்ஸு படமாப் போட்டுத் தள்ளறான். பாத்தீங்களா இல்லீங்களா?"

மெர்வின் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அந்தப் பஸ்ஸை வரைந்தது தான்தான் என்றான்.

"நீங்களா? எதுக்குங்க?"

சும்மாதானுங்க என்றான். அவர் போனை வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண் அவனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, துக்கம் விசாரிக்கிற குரலில், பேஜ் திரும்பக் கிடைத்துவிடுமா, போலீசில் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கிடைத்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

மெர்வினுக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். போத்தனூரில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஓட்டு வீடு ஒன்றில் தனியாகக் குடியிருக்கிறான். பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அப்பா சகாயம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அம்மா சவேரியம்மாள் கொழுந்து பறித்தாள். மெர்வின் கோவைக்கு வந்து விஸ்காம் படித்து ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்த சமயத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவரை அந்த மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு, லைன் வீட்டைக் காலி செய்து, அம்மாவும் தங்கச்சி லின்சியும் கீழே வந்தார்கள். அம்மா அப்புறம் திரும்ப மலை ஏறவில்லை. கல்லறைத் திருநாளுக்குக்கூட மெர்வின்தான் தனியாகப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவான். அந்தப் பஸ்ஸில் ஏறச் சொல்லாதே சாமி, தின்றதையெல்லாம் கக்கிவிடுவேன் என்பாள் அம்மா. வேறு காரணம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

வரைவது மெர்வினுக்குச் சின்ன வயதிலிருந்தே கூடவே வந்த பழக்கம். கையில் எது கிடைக்கிறதோ அதில், கண்ணில் எது படுகிறதோ அதை வரைவான். பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்கிற கிழவர், பல்லடம் சாலையில் கோழிவண்டிக் கூண்டுக்குள்ளிருந்து உலகத்தை முறைக்கும் கோழிகள், சில்லறை கேட்டுச் சலித்துப்போன கண்டக்டரின் புருவம். இவற்றையெல்லாம் போடுவதற்காகத்தான் 'மெர்வின் கிறுக்கல்' என்று ஒரு பேஜ் தொடங்கினான். கூடப் படித்தவர்களும் ஃப்ளெக்ஸ் கடைப் பையன்களும் பார்த்தார்கள். கோழிப் படத்துக்குக் கீழே சிரிப்புக் குறி போடுவார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

லின்சிக்குக் கல்யாணம் வந்தபோது எல்லாம் மாறியது. மேடையில் அப்பா இல்லையே என்று அவள் நாள்கணக்கில் அழுதுகொண்டிருந்தாள். சரி, அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்று மெர்வின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அப்பாவின் முகம் ரேஷன் கார்டுப் படத்தில் கிடைத்தது. உடம்புதான் கிடைக்கவில்லை. பட்டு வேட்டி சட்டையில் நிமிர்ந்து நிற்கிற சகாயம் எந்தப் படத்திலும் இல்லை, ஏனென்றால் சகாயத்திடம் பட்டு வேட்டி இருந்ததே இல்லை. அதனால் மெர்வினே பட்டுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, வீட்டின் வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு கையை யாரோ ஒருத்தியின் தோளில் வைத்திருப்பதுபோல் அந்தரத்தில் நீட்டி நின்று, போனில் டைமர் வைத்துப் படம் எடுத்தான். அந்த உடம்பின்மேல் அப்பாவின் தலை. பக்கத்தில் மணக்கோலத்தில் லின்சி.

வரவேற்பில் படத்தின் துணியை விலக்கியபோது லின்சி வாய்விட்டு அழுதாள். சம்பந்தி வீட்டாரும் அழுதார்கள். அம்மா மட்டும் படத்துக்குக் கிட்டத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மகனிடம் மெல்லக் கேட்டாள். "நீ எதுக்குடா அங்க நிக்கற?"

லின்சி அழுததை யாரோ போனில் வீடியோ எடுத்து அனுப்ப, மெர்வின் அதைப் பேஜில் போட்டான். மறுநாள் அவனுக்குப் போனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தமிழ்நாடு முழுக்க, சிங்கப்பூர் வரைக்கும், அப்பா இல்லாத பெண்கள் எழுதினார்கள். எங்கப்பாவையும் வரவைங்க அண்ணா.

அவன் வரவைத்தான். வோட்டர் ஐடியிலிருந்து, கிடா விருந்தில் எடுத்த கூட்டப் படத்தின் மூலையிலிருந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் எடுத்த கடைசிப் படத்திலிருந்து முகங்கள் வந்தன. உடம்பு எல்லாருக்கும் மெர்வினுடையதுதான். பட்டு வேட்டியில் ஒன்று, கோட்டில் ஒன்று, கதர்ச் சட்டையில் ஒன்று. அம்மாக்கள் தேவைப்பட்டால் லின்சி பட்டுச் சேலை கட்டி நின்றாள். இன்றைக்கு ஈரோட்டிலிருந்து உடுமலை வரைக்கும் எத்தனையோ வீட்டு ஹாலில் மெர்வின் கழுத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறான். யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களின் தோளில் இருக்கிற கை அவனுடையது. அவர்களில் ஒருத்தியைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை.

சட்டம் போடும் வேலை கதிரேசனுக்குப் போனது. பேஜுக்கு 'நீங்காத நிழல்' என்று பெயர் மாற்றச் சொன்னவர் அவர்தான். மெசேஜ்களுக்குப் பதில் சொல்வது, ரீல் போடுவது, பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் லின்சி கையில் எடுத்துக்கொண்டாள். ஃப்ளெக்ஸ் கடை வேலையை மெர்வின் விட்டுவிட்டான். இடையில் ஒருநாள் ஆசையாக இருந்தது என்று பேக்கரிக் கிழவரை வரைந்து போட்டான். ஐந்நூறு பேர் பேஜை விட்டு விலகிப் போனார்கள். கதிரேசன் கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் புத்தி சொன்னார். மளிகைக் கடைக்காரன் திடீரென்று செருப்பு விற்றால் செருப்பும் விற்காது, பருப்பும் விற்காது என்றார். லின்சி அதையே வேறு விதமாகச் சொன்னாள். பேஜைத் திறக்கிறவர்கள் அழுவதற்காக வருகிறார்கள், அழ வந்த இடத்தில் கோழியைக் காட்டினால் கோபம் வருமா வராதா?

கிழவரை மெர்வின் எடுத்துவிட்டான்.

அம்மாவுக்கு அவன் வேலை பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் சாயங்காலத்தில் டீத் தம்ளரோடு அவன் பின்னால் வந்து நின்று, இன்றைக்கு யார் வீட்டுக்குடா போறே என்று கேட்பாள். போன வருஷம் கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவனும் மற்றவர்கள் அப்பாக்களும்தான். ஒரு முகத்தோடு நாலைந்து நாள் உட்கார்ந்தால் அந்த மனிதர் எந்தப் பக்கம் தலை சாய்த்துப் படுத்தார், எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்று தெரிந்துவிடும். பேச்சுத் துணைக்கு மட்டும் ஆகாது.

ராமாமணி என்ற அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து பேசியது அந்தச் சமயத்தில்தான். மகளுக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம். படத்தில் மகளுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவர் நிற்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தயங்கினார்.

"ஏனுங்க தம்பி, அவரு பக்கத்துல நிக்கறப்ப நான் வெறும் நெத்தியோட நிக்கறதுங்களா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. எத்தனையோ அம்மாக்களை அவன், அனுப்பிய படத்தில் இருந்த கோலத்திலேயே, பொட்டில்லாமல், பூவில்லாமல், உயிரோடு சிரிக்கும் புருஷன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான். தன் அம்மாவுக்கும் அப்பா போன பிறகு நெற்றி அப்படித்தான் இருந்தது. பொட்டு வைத்துவிடுகிறேன் அம்மா என்றான். பெரிசா, செகப்பா, அந்தக் காலத்துல வெச்சமாதிரி வெச்சுப்போடுங்க என்றார் அவர்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரீலைப் பார்த்து ஊரே அழுதது. பத்துப் பதினைந்து நாள் கழித்து ராமாமணி மறுபடியும் பேசினார். குறை சொல்லக் கூப்பிடவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

"கையி அவருதில்லீங்க தம்பி. அவருக்கு மோதர வெரலு பாதிதான் இருக்கும். மோட்டாரு பெல்ட்டுல போயிருச்சு. படத்துல முழுசா இருக்குது."

மெர்வின் உடனே சரி செய்து புதுப் படம் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். மகளுக்குத் தெரியவில்லை, அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

"நான் பாக்கறப்ப மட்டும் அந்தக் கைய இப்படி மறைச்சுட்டுப் பாத்துக்கறனுங்க. அப்ப அவராட்டத்தான் இருக்குது."

போனை வைத்த பிறகு மெர்வின் தன் வலது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

லின்சிக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள். அவளுக்கு ஒரே ஆசை. விருந்தில் அம்மாவின் படம் திறக்க வேண்டும். பட்டுச் சேலையில் அம்மா, மடியில் பேரக்குழந்தை, பக்கத்தில் லின்சி. உடம்புக்கு எங்கேயும் போக வேண்டாம், நானே உட்காருகிறேன், எனக்கு அம்மா உடம்புவாகுதானே என்றாள். பேஜில் எல்லாரும் உன்னோட அம்மாவை எப்ப வரவைப்பே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இதுதான் நேரம் என்றும் சொன்னாள்.

மெர்வின் சரி என்றான். லின்சி புதுச் சேலையில் உட்கார்ந்த படத்தையும் அனுப்பிவிட்டாள். அவன் அம்மாவின் முகத்தை வெட்டியெடுத்து அந்தத் தோள்களுக்கு மேலே கொண்டுபோய் வைத்தான். இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருந்தன. அம்மாவுக்கு வலது தோள் இறங்கியிருக்கும். கொழுந்துச் சாக்கு இழுத்து இழுத்து இறங்கிய தோள். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. கோவைக்கு வந்து இத்தனை வருஷம் சிறுவாணித் தண்ணீரில் கழுவியும் போகாத கறை. லின்சியின் விரல்களில் மருதாணி இருந்தது. முகத்தை எடுத்து வைத்துப் பார்த்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். முகம் அம்மாதான். ஆனால் யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அம்மா.

அதை அப்படியே விட்டுவிட்டு வேறு தாளில் பென்சிலால் ஒரு பஸ்ஸை வரைந்தான். பொள்ளாச்சியில் துணிமணி வாங்கிக்கொண்டு வால்பாறைக்குத் திரும்பும் பஸ். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்கு முதல் வளைவிலேயே குமட்டும். ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் ஜெபமாலை. பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து உள்ள மாலை, வளைவுக்கு ஒரு மணியாக அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்வாள். நாற்பது வளைவில் நாலு பத்து முடிந்துவிடும். ஐந்தாவது பத்தை இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கும்போது, அட்டை கடிக்காமல் காலை உதறிக்கொண்டே முடிப்பாள். நடுவில் குமட்டல் வந்தால் மாதாவை நிறுத்தி வைத்துவிட்டு டிரைவரைத் திட்டுவாள். திட்டி முடித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அதை அப்படியே வரைய வேண்டும், வளைவுக்கு ஒரு படமாக நாற்பது படம் வரைய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அம்மா போன பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்த முதல் நாள் அது. முதல் படத்தை முடித்து, சாலையோரப் பலகையில் இருப்பதுபோலவே மூலையில் மஞ்சளாக 1/40 என்று எழுதினான். லின்சியிடம் சொல்லாமல், தன் போனில் திறந்தபடியே கிடந்த பேஜில் போட்டான். ஒரு காலத்தில் அது அவனுடைய கிறுக்கல்களுக்காகத் தொடங்கிய பேஜ்தானே.

இரண்டாவது நாள் 2/40. மூன்றாவது நாள் 3/40. இறந்த அப்பாக்களைப் பார்க்க வந்தவர்களுக்குப் பச்சைப் பஸ்ஸும், வாயில் முந்தானையைப் பொத்திய ஒரு பெண்ணும், தினமும் ஒன்று கூடுகிற எண்ணும் கிலியைக் கொடுத்தன. எவனோ பேஜைப் பிடித்துவிட்டான், நாற்பது வந்ததும் ஏதோ செய்யப்போகிறான் என்று ஒருவர் எழுதினார். அது போதுமாக இருந்தது. அண்ணனின் பேஜைக் காப்பாற்றுவோம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். கதிரேசன் போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். ஆறாவது வளைவில் பேஜ் பூட்டிக்கொண்டது.

திறக்க வேண்டுமானால் பேஜ் உன்னுடையதுதான் என்று நிரூபி என்றது செயலி. போன் கேமராவைப் பார்த்து முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, மேலே பார். மெர்வின் சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு, வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எல்லாம் செய்தான். பேஜில் உள்ள படங்களோடு இந்த முகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. வெளிச்சம் போதவில்லையோ என்று வாசலுக்குப் போய் இன்னொரு தடவை செய்தான். மறுபடியும் அதே பதில். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பேஜில் ஆயிரம் இடத்தில் அவன் நிற்கிறான். ஓரிடத்தில்கூட அவன் முகம் இல்லை.

இன்னொரு வழி இருந்தது. பதிவு செய்த நம்பருக்கு ஒரு கோட் வரும். அந்த நம்பர் லின்சியுடையது. அவளிடம் சொன்னான். மறுநாள் மத்தியானம் பேஜ் திறந்தது. திறந்து பார்த்தால் ஆறு வளைவும் இல்லை. அழித்துவிட்டாள்.

அவன் சௌரிபாளையத்தில் லின்சியின் புகுந்த வீட்டுக்குப் போனான். மாமியார் வெளியே போயிருந்தார். லின்சி குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் அழித்தாய் என்று அவன் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள், குரலைத் தாழ்த்தி.

"அம்மாவ வாந்தி எடுக்கற மாதிரிப் போட்டிருக்கே. ஊரே பாக்குது. இவங்க வீட்ல பாக்கறாங்கண்ணா."

"எடுப்பாளே."

"எடுப்பா. அதையா போடுவே? அட்ட கடிச்ச காலு, லைன் வீடு... அப்பா எஸ்டேட் ஆபீஸ்ல இருந்தாருன்னு சொல்லி வெச்சிருக்கேன் இங்க. உனக்குத் தெரியுந்தானே?"

அவனுக்குத் தெரியும். கல்யாணப் படத்தில் அப்பாவுக்குத் தங்கச் செயின் கடிகாரம் கட்டிவிட்டதும் அவன்தான். குழந்தை சிணுங்கியது. அவள் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது பக்கம் லேசாகச் சாய்ந்து தட்டிக்கொடுத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவோட படத்த முடிச்சுரு கண்ணா, எனக்காக என்று அவள் கேட்டாள். அவள் அவனைக் கண்ணா என்று கூப்பிடுவது ஏதாவது கெஞ்சும்போது மட்டும்தான். ஒரு படம் கொண்டுவந்து தருகிறேன், ஆனால் நீ தனியாகப் பார்த்துவிட்டுத் திறக்கலாமா என்று முடிவு செய்துகொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஒன்பதாவது வளைவை அவன் பெரிதாக வரைந்தான். வண்ணம் தீட்ட ஒரு வாரம் ஆயிற்று. கீழே ஆழியாறு அணை நீலமாகத் தெரிகிற இடம். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிற இடம். பஸ் நிற்காமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. சன்னலோரத்தில் அம்மா, கம்பியைப் பிடித்தபடி, மூக்கில் எலுமிச்சம்பழம், இறங்கிய வலது தோள், கறுத்த விரல்களில் ஜெபமாலை, கண் டிரைவர்மேல். கதிரேசன் கடைக்கு எடுத்துப் போனபோது அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைப் பார்த்து யார் அழுவார்கள் என்று கேட்டார். பேஜைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே தேக்குச் சட்டத்தைத் தேடியெடுத்தார். விலகிப் போகிறவர்கள் போகட்டும் என்றான் மெர்வின். எங்கட்ட வேற டிசைனருங்க கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க என்றார் அவர், ஆணியை அறைந்தபடி. அதற்குப் பிறகு அவரிடமிருந்து அவனுக்கு வேலை வருவது குறைந்துபோனது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மாலை படத்தைக் கொண்டுபோய் லின்சியிடம் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னதையும் கேட்காமல் திரும்பிவிட்டான்.

மறுநாள் பங்கு மண்டபத்தில் விருந்து. மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் படம் வைத்திருந்தார்கள். மேலே வெள்ளைத் துணி, அதற்கு மேல் மல்லிகைச் சரம். மெர்வின் தூரத்திலிருந்தே சட்டத்தின் விளிம்பைப் பார்த்துத் தன் படம்தான் என்று தெரிந்துகொண்டான். கேக் வெட்டினார்கள். சாமியார் வந்து குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். துணியை யாரும் விலக்கவில்லை. ரீல் எடுப்பதற்காக வந்திருந்த லின்சியின் தோழிகள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்கள். மாமியார் ஒருமுறை கிட்டத்தில் போய் நின்றார்.

"ஏன் அம்மணி, அம்மா படத்தத் தொறக்கலியா?"

"சாப்பாடு முடியட்டுங்கத்தை" என்றாள் லின்சி. அவள் கண் இலைகளுக்கு நடுவே போய், பிரியாணியைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்த அண்ணன்மேல் நின்றது. கோபமா, அழுகையா என்று அவனால் படிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஆயிரம் முகங்களைப் படித்தவன்.

சாப்பாடு முடிந்தது. துணி அப்படியே இருந்தது. வந்தவர்கள் மூடிய படத்துக்கு முன்னால் நின்று குழந்தையோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை, மச்சான் இருங்க, வண்டியில விடறேன் என்றார். வேண்டாம் என்று அவன் சிங்காநல்லூர் வரை நடந்து பஸ் பிடித்தான்.

அதற்கப்புறம் லின்சி பேசவில்லை. பேஜின் பாஸ்வேர்டை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள், வேறு ஒரு வார்த்தை இல்லாமல். அவன் அதைத் திறந்து முதல் வளைவிலிருந்து மறுபடியும் போட ஆரம்பித்தான். இந்த முறை மேலே ஒரு வரி சேர்த்தான். இது எங்கம்மா, பேஜ் ஹேக் ஆகவில்லை, நான்தான் வரைகிறேன். கூட்டம் கூட்டமாக விலகிப் போனார்கள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை, பேசாமல் எழுந்து போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பாக்களைக் கேட்டு வந்தவர்களுக்கு அவன் இப்போதும் செய்து கொடுத்தான். ஆனால் உடம்பில் ஏதாவது அடையாளம் இருந்ததா, கை எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டுச் செய்ததில் வேலை மெதுவாகத்தான் போனது. சிலருக்குப் பொறுமை இல்லை. பன்னிரண்டாவது வளைவுக்கு வந்தபோது லைக் போடுகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போலிருந்தது. அதில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒன்று தவறாமல் வந்தது. எழுத்து ஏதும் இருக்காது. ஒரு கும்பிடு மட்டும்.

லின்சி பார்க்கிறாளா என்று தெரியவில்லை. சாயங்காலத்தில் டீ போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது, பின்னால் நின்று யாரும் ஒன்றும் கேட்காததை அவன் அப்போதெல்லாம் நன்றாகவே கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் வீட்டுப் படுக்கையறைச் சுவர். ஹால் அல்ல. அலமாரிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒன்பதாவது வளைவு மாட்டியிருந்தது. அதன் கீழே எழுதியிருந்தாள்.

"நீ தப்பா வரைஞ்சிருக்கே அண்ணா. அம்மா சன்னலோரம் உக்காந்ததே இல்ல. சன்னல் எப்பவும் உனக்கு. நடுவுல நான். அம்மா அந்தக் கடைசில, ஒரு கால நடைபாதைல நீட்டிட்டு. கண்டக்டர் தாண்டித் தாண்டிப் போவாரு. வாந்தி வந்தா நம்ம ரெண்டு பேர் மடியத் தாண்டித்தான் சன்னலுக்கு வருவா. என் கிறிஸ்மஸ் கவுனெல்லாம் நாஸ்தி. அத மறந்துட்டியா?"

மெர்வின் அதை இரண்டு முறை படித்தான். மறந்துவிடவில்லை. அவன் பார்த்ததே இல்லை. நாற்பது வளைவும் அவன் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். மரம், குரங்கு, அணை, எதிரே வரும் லாரி. அம்மாவின் குரல்தான் காதில் இருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், தான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே வைத்துவிட்டிருக்கிறான்.

ஒரு புதுத் தாளை எடுத்தான். இருக்கையின் கடைசியில், நடைபாதைக்குக் காலை நீட்டி அம்மா. நடுவில் கவுன் போட்ட லின்சி. சன்னலோரத்தில் வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஒரு பையன். பையனின் பின்னந்தலை வரை பென்சில் தடையில்லாமல் போனது. அம்மா வாந்தி எடுக்க மடியைத் தாண்டி வரும்போது அவன் திரும்பித்தான் பார்த்திருப்பான். முகம் வேண்டும். லைன் வீட்டில் கேமரா இருந்ததில்லை, அந்த வயதுப் படம் ஒன்றும் இல்லை. தான் எப்படி இருந்தோம் என்று அவனுக்கு நினைவும் இல்லை.

லின்சியிடம்தான் கேட்க வேண்டும். அவள்தான் அவன் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள். போனை எடுத்தான்.